மாலையா, முகமூடியா?

ஒரு சாண் அகலத் துணி. அதன் நடுவே வைத்து மடித்த சிறு பஞ்சுத் திண்டு. தலைக்குப் பின்னே இழுத்துக் கட்டிக்கொள்ளக் கிழித்துவிட்ட முனைகள். விலையோ சில காசு. அவ்வளவுதான் அந்தக் கருவி! பீரங்கியல்ல, பேரரசனின் முத்திரை மோதிரமுமல்ல. ஆயினும் 1911ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மஞ்சூரியாவின் பனி உறைந்த நகரமொன்றில், அந்தத் துணியை ஏளனம் செய்த மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஆறே நாட்களில் பிணமானார். அவருடைய சாவைக் கண்ட பிறகே நகரம் அந்தத் துணியைத் தேடி ஓடிற்று.

வரலாறு என்றால் வாளெடுத்தோர் கதை என்றே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். எந்த மன்னன் எந்தக் கோட்டையைப் பிடித்தான், எந்தப் போரில் எத்தனை யானைகள் என்று கேட்டால், பத்து வயதுப் பையன் பட்டியல் போடுவான். கொள்ளைநோய் வந்தபோது பிணங்களைத் தூக்கியவர் யார், பிணியாளரின் படுக்கையருகே நின்றவர் யார், அவர்களைக் காக்க எவர் என்ன செய்தார் என்று கேட்டால், பாடநூல் வாய் திறவாது. அந்த வாய் திறவாமையை உடைக்க ஒரு சான்று போதும். மஞ்சூரியாவைப் பார்ப்போம்.

1910ஆம் ஆண்டின் பிற்பகுதி. சீனத்தில் மஞ்சு மன்னர்குலம் தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்த நேரம். வடகிழக்கே மஞ்சூரியாவில் ரயில் பாதை ஒன்று ரஷ்யர் கையில்; மற்றொன்று ஜப்பானியர் கையில். மண் சீனருடையது, அதிகாரம் மூவருடையது!

அந்தப் பகுதியின் புல்வெளிகளில் மார்மொட் என்னும் கொறிவிலங்கு வளை தோண்டி வாழ்கிறது. அதன் மென்மயிர்த் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் கிராக்கி ஏறிற்று. ஷாண்டுங் மாநிலத்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் வேட்டைக்குக் கிளம்பினர். அந்த விலங்குக்குப் பிளேக் வருவதுண்டு. பழகிய வேட்டைக்காரர், தள்ளாடும் விலங்கைக் கண்டால் தொடாமல் விலகுவர். வயிற்றுப் பசியோடு வந்த புதியவருக்கு அந்த அறிவு ஏது? அவர்களுக்கு எல்லாத் தோலும் ஒரே விலைதான். குளிர் மிகுந்ததும், அவர்கள் சாளரமற்ற விடுதிகளில் அடுக்கடுக்காகப் படுத்து உறங்கினர். ஒருவன் இருமினான், அறையே செத்தது. சீனப் புத்தாண்டு நெருங்கவே, ஊர் திரும்பும் கூலித் தொழிலாளரோடு நோயும் ரயிலேறிற்று.

ரஷ்யரின் ஹார்பின் நகரை ஒட்டிச் சீனர் வாழ்ந்த பேட்டை பூச்சியாதியன். அங்கே வீடுகளில் பிணங்கள், வீதிகளில் பிணங்கள். ரஷ்யாவும் ஜப்பானும் காத்திருந்தன. ‘உன்னால் அடக்க முடியவில்லையா? நாங்கள் படையோடு வந்து அடக்குகிறோம்’ என்று சொல்ல அவற்றுக்கு ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. அந்த நிலையில் பீகிங் அரசாங்கம் அனுப்பிய மருத்துவர்தான் வூ லியன்-தே. வயது 31.

யார் இந்த வூ? 1879இல் பினாங்கில் பிறந்த சீனர். பொற்கொல்லர் ஒருவரின் மகன். உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் கற்றவர். லிவர்பூலிலும், ஜெர்மனியின் ஹாலேயிலும், பாரிசின் பாஸ்டர் நிலையத்திலும் நுண்ணுயிரியல் ஆராய்ந்தவர். இத்தனை தகுதியோடு 1903இல் தாயகம் திரும்பினார். ஆங்கிலேய ஆட்சி அவருக்கு என்ன பதவி தந்தது? உயர் மருத்துவப் பதவிகள் பிரிட்டனில் பிறந்த வெள்ளையருக்கே! ஆசியன் எவ்வளவு கற்றாலும் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் பிணி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே! அது கப்பலேறிக் கடல் கடந்தும் ஆட்சி செய்தது. வூ பினாங்கில் மருத்துவத் தொழில் நடத்தினார். அபினியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். 1908இல் சீனம் சென்று டியென்ட்சின் நகரின் படை மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார்.

1910 டிசம்பர் 24ஆம் நாள் அவர் ஹார்பின் வந்திறங்கினார். மூன்றாம் நாள், பூச்சியாதியனில் ஒரு விடுதிக்காரரின் மனைவியான ஜப்பானியப் பெண் நோயால் இறந்தார். அந்த உடலை வூ அறுத்துப் பார்த்தார். மறைவாகத்தான்! இறந்தவர் உடலில் கத்தி படுவது முன்னோர்க்கு இழுக்கு என்று கருதிய சமுதாயம் அது. கத்தி படாமல் காரணம் தெரியுமா? காரணம் தெரியாமல் நோயைத் தடுக்க முடியுமா? நுண்ணோக்கியின் அடியில் உண்மை தெரிந்தது. 1894இல் ஹாங்காங்கில் அறிஞர் யெர்சின் கண்டுரைத்த அதே பிளேக் கிருமி! ஆனால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் பிளேக் அன்று இது. நுரையீரலைத் தாக்கும் பிளேக்.

இதிலிருந்து வூ ஒரு முடிவுக்கு வந்தார். நெறி கட்டும் பிளேக்கை எலியின் தெள்ளுப்பூச்சி பரப்புகிறது. இங்கே தெள்ளுக்கு வேலையில்லை; இருமலின் எச்சில் துளியே மனிதரிலிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டுபோகிறது. அப்படியானால் எலியைப் பிடித்துப் பயனில்லை. மூக்கையும் வாயையும் மறைக்க வேண்டும். எவர் முதலில் மறைக்க வேண்டும்? நோயாளியின் முகத்தருகே குனிபவர்! மருத்துவர், மாணவர், பணியாள், வண்டி தள்ளுபவர், பிணம் தூக்குபவர். அறுவை அறையில் வழங்கிய மெல்லிய வலைத்துணியை எடுத்து, நடுவே பஞ்சு வைத்து மடித்துக் கட்டும் முகமூடியை அவர் வகுத்தார். எவரும் செய்யலாம், எந்தக் கடையிலும் பொருள் கிடைக்கும், பாமரனும் கட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் மெஸ்னி வருகிறார். பிரெஞ்சுக்காரர், டியென்ட்சின் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், வூவைவிட வயதில் மூத்தவர். முன்பு நெறி கட்டும் பிளேக்கை எதிர்த்துப் பணியாற்றிய பட்டறிவும் உண்டு. 1911 சனவரித் தொடக்கத்தில் ஹார்பின் வந்த அவரிடம், வூ தம் முடிவைப் பணிவோடு எடுத்துரைத்தார். மெஸ்னி சீறினார். ஒரு சீனன் தமக்குப் பாடம் சொல்வதா என்று இனப்பெயரைச் சொல்லி இகழ்ந்து, தம்மைப் பார்த்துக் கத்தினார் என்று வூ தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். வூ சண்டைக்கு நிற்கவில்லை. ‘அவரிடமே பொறுப்பை ஒப்படையுங்கள்; நான் விலகுகிறேன்’ என்று பீகிங்குக்குத் தந்தி கொடுத்தார். அரசாங்கம் வூவின் பக்கம் நின்றது.

மெஸ்னி ரஷ்ய மருத்துவமனைக்குச் சென்றார். முகமூடியின்றி நோயாளிகளைக் குனிந்து சோதித்தார். சனவரி 11ஆம் நாள் இறந்தார்.

அவருடைய சாவில் நாம் மகிழவில்லை. அவர் கோழையல்லர், நோயாளிகளுக்கு உதவவே வந்தவர். அன்றைய நூல்கள் பெரும்பாலும் எலியையும் தெள்ளையுமே பேசின. அவர் கற்றது அது. ஆனால் கண்முன் கிடந்த சான்றைப் பார்க்க விடாமல் தடுத்தது எது? சொன்னது என்ன என்று பாராமல், சொன்னவன் யார் என்று பார்த்த இறுமாப்பு! எப்பொருள் யார்யார் வாய் கேட்பினும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்பது நம் வள்ளுவர் வகுத்த நெறி. அந்த நெறி தவறியதற்கு ஹார்பினில் கொடுத்த விலை ஓர் உயிர்.

மெஸ்னி இறந்த செய்தி பரவியதும் நகரமே முகமூடி கட்டிற்று. சிலர் முறையாகக் கட்டினர். சிலர் கழுத்தில் தாயத்துப் போலத் தொங்கவிட்டனர். வேடிக்கையன்று, தோழர்களே; பாடம்! கருவி கையில் வந்தால் மட்டும் போதாது. அது ஏன், எப்படி என்னும் விளக்கமும் வர வேண்டும். விளக்கம் வராத இடத்தில் அறிவியலின் கருவியும் தாயத்தாகிவிடுகிறது.

வூ பூச்சியாதியனை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். வட்டாரத்துக்கு வட்டாரம் செல்ல அனுமதிச்சீட்டு. நாள்தோறும் வீட்டுச் சோதனை. நோயாளியோடு பழகியவரைத் தனியே வைக்க, ரஷ்யரிடம் சரக்கு ரயில் பெட்டிகளை இரவல் வாங்கினார், ஒவ்வொன்றிலும் அடுப்பு. மக்களின் நடமாட்டத்தைத் தடுக்கப் படைவீரர் வந்தனர்.

இன்னொரு தடை இருந்தது. குளிரில் பூமி பாறையாகிவிட்டது. குழி தோண்ட முடியவில்லை. இடுகாட்டில் 2,000க்கும் மேற்பட்ட பிணங்கள் அடக்கமின்றி வரிசையாகக் கிடந்தன. எரிக்க வேண்டும் என்றார் வூ. எரிப்பதா? முன்னோர் வழிபாட்டில் ஊறிய நாட்டில், பெற்றவரின் உடலை நெருப்பிலிடுவது பெரும் பழி. வூ ஊர்ப் பெரியோரை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று அந்தக் காட்சியைக் காட்டினார், அரசவைக்கு எழுதினார். சனவரி இறுதியில் அரசாணை வந்தது. 31ஆம் நாள் நெருப்பு மூட்டினர். சாவின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கிற்று. மார்ச் முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதிலும் மாண்டவர் ஏறத்தாழ 60,000 பேர். ஏப்ரல் 3ஆம் நாள் முக்டன் நகரில் 11 நாடுகளின் அறிஞர்கள் கூடிய பிளேக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், பினாங்கில் உயர்பதவிக்கு ஆகாதவர் எனப்பட்ட அதே வூ!

இத்தோடு கதையை முடித்துவிட்டால் அது அறிவு வென்ற கதை, கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பாதிக் கதையைச் சொல்வது வரலாறாகாது. மறுபாதி இனிமேல்தான்.

பூச்சியாதியனில் நோய் ஒழிப்புப் பணியில் ஈடுபட்டவர் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். பத்தில் ஒருவர்! யார் அவர்கள்? மேலைமுறை மருத்துவம் கற்ற மருத்துவரிடையே சாவு மிகச் சிலவே. நோயாளிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவரிடையேதான் சாவு மிகக் கொடுமையாய் இருந்தது. கற்றவருக்கு நோய் பரவும் வழி தெரியும். முகமூடியை எப்போது கட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று தெரியும். நாட்கூலிக்கு வந்த ஏழைக்கு ஒரு துணி கிடைத்தது. அதன் காரணம் அவன் மனத்தில் பதியும்வரை நோய் பொறுத்திருக்கவில்லை. நோயாளியை அதிக நேரம் தொட்டுத் தூக்கியவனும் அவனே.

அதே சனவரியில் முக்டன் ரயில் நிலையத்தில் ஆர்தர் ஜாக்சன் என்னும் மருத்துவர் பணியாற்றினார். வயது 26. அவர் முகமூடி கட்டினார், மேலங்கி அணிந்தார், நீள்காலணி போட்டார். ஆயினும் ரயிலிலிருந்து இறக்கி விடுதிகளில் நெருக்கியடைத்த கூலித் தொழிலாளரிடையே இரவு பகலாக உழைத்தார். சனவரி 25ஆம் நாள் நோய்க்கு இரையானார். துணி மட்டும் காப்பதில்லை என்பதற்கு அவர் சான்று. கூட்டத்தைக் குறைக்கும் இடவசதி வேண்டும், மாற்றாள் வேண்டும், ஓய்வு வேண்டும், களைத்த கை பிழை செய்யும் என்பதை அறிந்த நிர்வாகம் வேண்டும். ஜாக்சனுக்காக அரசப் பிரதிநிதி பொதுமேடையில் இரங்கல் உரையாற்றினார். அரசாங்கம் அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கிற்று. அவருடைய தாயார் அந்தப் பணத்தை முக்டனில் மருத்துவக் கல்லூரி அமைக்கவே கொடுத்துவிட்டார். பெருமைக்குரிய தாய்! வணங்கத்தக்க மகன்!

ஆனால் கேட்கிறோம்: அந்த 300 பேரில் வண்டி தள்ளியவனின் பெயர் என்ன? அவனுக்காக இரங்கல் உரை ஆற்றியவர் யார்? அவன் மனைவிக்கு வந்த பணம் எவ்வளவு? மருத்துவர் செத்தால் ‘தியாகி’ என்கிறோம். கூலிக்காரன் செத்தால் ‘எண்ணிக்கை’ என்கிறோம். இரண்டுமே போதாது என்பதுதான் நம் கட்சி. எண்ணிக்கையில் அடைபட்டவனுக்குப் பெயர் வேண்டும். தியாகி என்று போற்றப்பட்டவருக்கோ, போற்றுதலுக்கு முன்பே பாதுகாப்பு வந்திருக்க வேண்டும். காத்திருக்கக் கூடிய உயிரைக் காக்கத் தவறிவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது, குற்றவாளி தன் குற்றத்துக்குப் பூமாலை போட்டு மறைப்பது போன்றது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, உலகெங்கும் நோயுற்ற 8,000 பேரில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். அது புதிய நோய் என்று முதலில் எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானியும் அதற்கே இரையானார். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. லைபீரிய நாடு தன் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சியருள் நூற்றுக்கு எட்டுப் பேரை இழந்தது. சியரா லியோனில் எபோலாவை எதிர்த்து முன்னின்ற மருத்துவர் ஷேக் உமர் கான், அந்த ஆண்டு சூலையில் அதே நோயால் மடிந்தார். கினியா நாட்டில் ஊமே என்னும் ஊருக்கு நோயை விளக்கச் சென்ற குழுவினரில் எட்டுப் பேரை ஊர்க்கூட்டமே கொன்றது. கிருமி ஒருபுறம், வதந்தி மறுபுறம். இரண்டுக்கும் இடையே தொண்டர்!

2020இல் மீண்டும் சீனம். ஊஹான் நகரில் புதிய நோயைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த லி வென்லியாங் என்னும் மருத்துவரைக் காவல்துறை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கிற்று. பிப்ரவரியில் அவர் அந்த நோயாலேயே இறந்தார். வூவின் சொல்லுக்குப் பேரரசு செவி சாய்த்தது. நூறு ஆண்டு கழித்து இன்னொரு மருத்துவரின் சொல்லுக்கு விலங்கிட்டது. வாயை மூடும் முகமூடி காக்கும். வாயை அடைக்கும் ஆணை கொல்லும்!

நம் நாடு என்ன செய்தது? 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை, மருத்துவப் பணியாளருக்கு நன்றி என்று தட்டுகளைத் தட்டினோம். ஏப்ரல் 5ஆம் நாள் இரவு விளக்கேற்றினோம். மே 3ஆம் நாள் மருத்துவமனைகள் மேல் வானிலிருந்து மலர் தூவினோம். நன்றியுணர்வு நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏப்ரல் 19ஆம் நாள், சென்னையில், நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள்மீது கல்லும் கட்டையும் பறந்தன! தட்டு ஏந்திய அதே கைகள் கல் ஏந்தின என்று சொல்லவில்லை. தட்டின் ஓசை அந்தக் கல்லைத் தடுக்கவில்லை என்று சொல்கிறோம். இரவு இருளில் உடன் பணியாற்றிய மருத்துவரே மண் தள்ளி அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. முறையாக உறையிட்டுப் புதைத்த உடலிலிருந்து நோய் ஊருக்குள் பரவாது என்று அறிவியல் சொன்னது, அச்சம் கேட்கவில்லை. அறிவு புகாத இடத்தில் அச்சம் குடியேறுகிறது; அச்சம் குடியேறிய இடத்தில் அன்பு வெளியேறுகிறது. அதன் பிறகுதான் சட்டங்கள் வந்தன. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கித் தமிழக அரசும் அவசரச் சட்டம் பிறப்பித்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில், இறந்த மருத்துவப் பணியாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அந்த விவரம் மத்திய அளவில் தொகுக்கப்படுவதில்லை என்று விடை வந்தது. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தெழுந்து, 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. மருத்துவருக்காவது ஒரு சங்கம் இருந்தது, பட்டியல் வந்தது. செவிலியருக்கு? மருத்துவமனையைப் பெருக்கிக் கழுவிய துப்புரவுத் தொழிலாளிக்கு? பிணவண்டி ஓட்டியவருக்கு? பூச்சியாதியனில் வண்டி தள்ளியவனின் கதை இங்கேயும் தொடர்ந்தது. 2020 சனவரி முதல் 2021 மே வரை, உலகெங்கும் கொரோனாவுக்கு இரையான மருத்துவப் பணியாளர் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. துல்லியக் கணக்கன்று, மதிப்பீடு! ஏன்? எண்ணுவதற்குக்கூட உலகம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

மஞ்சூரியா கற்பிக்கும் பாடம் என்ன? நோய் எப்படிப் பரவுகிறது என்ற உண்மை, பேராசிரியருக்கு மட்டுமன்று, வண்டி தள்ளுபவருக்கும் அவருடைய மொழியில் தெரிய வேண்டும். காப்புக் கருவி பதவியைப் பார்த்துப் பங்கிடப்படாமல், யார் நோய்க்கு மிக அருகில் நிற்கிறாரோ அவருக்கு முதலில் வர வேண்டும். ஓய்வும் மாற்றாளும் சலுகையாக அல்ல, மருந்தாகக் கருதப்பட வேண்டும். எச்சரிப்பவரின் வாயை எவரும் அடைக்கக் கூடாது. பணியில் வீழ்ந்தால், மருத்துவராயினும் கூலியாளாயினும், குடும்பத்துக்குக் காப்புறுதி இருக்க வேண்டும். வீழ்ந்தவரின் பெயர் பதிவாக வேண்டும்.

இளைஞர்களே! அடுத்த கொள்ளைநோய் வரும்; அறிவியல் அறிந்தவர் எவரும் அதை மறுக்கவில்லை. அது வரும்போது நாம் என்ன செய்யப் போகிறோம்? அப்போது தெருவில் கல்லோடு நிற்பவனை விளக்கம் சொல்லித் திருப்ப வேண்டியவர் நீங்கள். தாயத்தாகத் தொங்கும் முகமூடியை முறையாகக் கட்டச் சொல்லித்தர வேண்டியவர் நீங்கள். ஊராட்சி மன்றத்திலும் நகராட்சி மன்றத்திலும் நின்று, ‘துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறை வந்ததா? கணக்கைக் காட்டு’ என்று கேட்க வேண்டியவரும் நீங்களே. நோய் வந்த பிறகு கேட்டால் அது ஒப்பாரி. வருமுன் கேட்டால்தான் அது உரிமை.

வூ லியன்-தே 1960இல், தாம் பிறந்த பினாங்கிலேயே, எண்பது வயது கடந்து மறைந்தார். 300 பேர் மாண்ட களத்திலிருந்து அவர் உயிரோடு திரும்பியது ஊழின் விளையாட்டன்று, அறிந்ததன் பயன். அந்த அறிவு வண்டி தள்ளியவனுக்கும் சரிபாதியாய்ப் போய்ச் சேர்ந்திருந்தால், அவனும் தன் பேரனுக்குக் கதை சொல்லியிருப்பான். மாலையை இறந்தவர் கழுத்தில் போடலாம். முகமூடியை உயிரோடிருப்பவர் முகத்தில்தான் கட்ட முடியும்.